ஆபரேட்டர் யார் என்று கேட்டார்கள்

எனக்கு அவளைப் பிடிக்காது. பிடிக்காமல் இருந்தது என்று எழுதினால் பெருந்தன்மையாக இருக்கும். அந்தப் பெருந்தன்மை என்னிடம் இல்லை. இப்போதும் விழுப்புரம் ஸ்டேஷன் பக்கம் போனால், எதிரில் வந்து தொலைக்கப் போகிறாளே என்று பிளாட்பாரத்தை ஒரு நோட்டம் விட்டுவிட்டுத்தான் படியிறங்குவேன். பயமெல்லாம் இல்லை. அவள் முகத்தைப் பார்த்தால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

அவள் எனக்கு டீம் லீடராக இருந்தவள். திண்டிவனத்தில் ஒரு மரக்கடையின் மாடியில் எங்கள் ஆபீஸ். வெளிநாட்டுப் பதிப்பகங்கள் அனுப்புகிற பிரதிகளை அச்சுக்குப் போகும் பக்கங்களாக மாற்றித் தருகிற டைப்செட்டிங் வேலை. கணிதம், இயற்பியல், மொழியியல் என்று வாயில் நுழையாத விஷயமெல்லாம் அந்த மாடி வழியாகத்தான் வெளியே போகும். நாங்கள் இரண்டு பேருமே விழுப்புரத்திலிருந்து காலை பாசஞ்சரில் போய் சாயங்காலம் திரும்புகிறவர்கள். லேடீஸ் பெட்டியில் ஜன்னலோரம் அவள், எதிரே நான். தள்ளி உட்கார்ந்தால் இரண்டு பேருக்கும் ஆகாது என்று ஊர் பேசும். அந்த ஒரே காரணத்துக்காக முட்டியோடு முட்டி இடிக்க எதிரெதிரே உட்கார்ந்து போய் வந்துகொண்டிருந்தோம்.

ரயிலில் அவள் எனக்கு அக்கா, நான் அவளுக்கு "நீ". மாடிப்படி ஏறிவிட்டால் அவள் மேடம், நான் "நீங்க". அவளுக்குப் பதவி உயர்வு வந்த வாரமே திண்டிவனம் பிளாட்பாரத்தில் வைத்துச் சொல்லிவிட்டாள், மேலே போனால் மேடம் என்று கூப்பிடு, பசங்க பார்க்கிறார்கள் என்று. கூப்பிட்டேன். ஒவ்வொரு தடவையும் சோற்றில் கல் கடித்த மாதிரி இருக்கும்.

அவளுக்குச் சொந்த ஊர் கெடாரில் கரும்பு உண்டு, கிணறு உண்டு, பாண்டிச்சேரியில் ஹாஸ்டலில் தங்கிப் படித்த கான்வென்ட் இங்கிலீஷ் உண்டு. என் அப்பா விழுப்புரம் மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை மூட்டை தூக்கினவர், நிலக்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். நான் கவர்ன்மெண்ட் காலேஜில் தமிழ் மீடியம். இங்கிலீஷ் எவ்வளவு கடினமாக இருந்தாலும் படித்துவிடுவேன், எழுதச் சொன்னால் தப்பில்லாமல் எழுதிவிடுவேன். பேசச் சொன்னால் மட்டும் நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். அதனால் பதிப்பகத்தோடு பேசுவது, எழுதுவது எல்லாம் அவள் ஒருத்திதான். எங்களுடைய மெயில் அந்த மாடியைத் தாண்டாது.

வேலை நடப்பது லேடெக் என்கிற மென்பொருளில். அது வேர்டு மாதிரி இல்லை, அடிக்க அடிக்கப் பக்கம் கண்ணில் தெரியாது. கட்டளைகளாக எழுதி ஓடவிட வேண்டும். ஓடி முடித்தால் பக்கம் வரும், இல்லாவிட்டால் திட்டு வரும். மொழியியல் புத்தகங்களில், வாயிலிருந்து வருகிற ஒலியை அப்படியே காட்டுவதற்கென்று தனி எழுத்துகள் இருக்கின்றன. குப்புறக் கவிழ்ந்த e, வால் முளைத்த n, கொக்கி போட்ட t. எழுத்தின் தலையில் ஒரு கூரை, காலடியில் ஒரு பல். கீபோர்டில் இவற்றுக்குப் பொத்தான் கிடையாது. அதற்கென்று ஒரு பேக்கேஜ் உண்டு, அதற்குள் போய்விட்டால் கீபோர்டின் அர்த்தமே மாறிவிடும். சின்ன n அடித்தால் சாதாரண n வரும். பெரிய N அடித்தால் வால் வளைந்த எழுத்து வரும். அது நம்முடைய 'ங்'. சின்ன s அடித்தால் s, பெரிய S அடித்தால் நீளக் கொக்கி, அது 'ஷ்'. பெரிய எழுத்து என்பது அங்கே அலங்காரம் இல்லை, வேறு ஒலி. இது ஒன்று ஞாபகம் இருந்தால் போதும், நான் சொல்லப் போகிற அநியாயம் புரிந்துவிடும்.

மொழியியல் புத்தகம் வந்தால் மற்றவர்களெல்லாம் பேஜாரு என்று ஒதுங்கிக்கொள்வார்கள். எனக்குப் பிடிக்கும். எழுத்தின் மேல் குறி, குறியின் மேல் இன்னொரு குறி என்று ஏறி, மூன்றும் ஒன்றையொன்று முட்டாமல் நிற்கிற வரை இம்மி இம்மியாக நகர்த்திக்கொண்டிருப்பேன். அந்த நேரத்தில் யாராவது கூப்பிட்டால் எரிந்து விழுவேன். என் சிடுசிடுப்புக்கு மாடியில் பெயரே உண்டு. ஆனாலும் ஒரு பெரிய பதிப்பகத்தின் மொழியியல் வரிசை முழுவதும் என் மேஜைக்குத்தான் வந்தது, ஏனென்றால் வேறு யாரும் தொடத் தயாராக இல்லை.

அந்த வருஷம் மேனேஜர் எல்லாரையும் நிற்கவைத்து ஒரு செய்தி சொன்னார். திண்டிவனம் ஆபீஸை மூடிச் சென்னையோடு சேர்க்கிறார்கள். அந்தப் பெரிய பதிப்பகத்தின் வேலையைச் செய்கிறவர்கள் மட்டும் வீட்டிலிருந்தே செய்யலாம். மற்றவர்கள் சென்னைக்கு வர வேண்டும், முடியாதவர்கள் எழுதிக் கொடுத்துவிட்டு நின்றுகொள்ளலாம்.

நான் சென்னைக்குப் போக வழியில்லை. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. அம்மா இல்லை, எனக்குக் கல்யாணமும் ஆகவில்லை. பகலில் பக்கத்து வீட்டு அத்தை கஞ்சி கொடுத்துப் பார்த்துக்கொள்வார். காலையில் தூக்கி உட்காரவைப்பதும் இரவில் புரட்டிப் படுக்கவைப்பதும் நான்தான். கை கால் விழுந்ததே தவிர அப்பாவின் வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. ரயில் கொஞ்சம் தாமதமானாலும் போன் வந்துவிடும். "ஜல்தி வா. இவ கேப்பைக் கூழுன்னு சுடுதண்ணிய ஊத்திக்கினு கீறா" என்பார், அத்தை பக்கத்தில் நிற்கும்போதே. ஆக, அந்தப் பதிப்பகத்தின் வேலையில் என் பெயர் இருந்தால் எனக்குப் பிழைப்பு உண்டு, இல்லாவிட்டால் இல்லை. என் நிலைமை அவ்வளவுதான், அது அவளுக்கும் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் மலைமொழிப் புத்தகம் வந்தது. எங்கோ ஒரு மலையில் கொஞ்சம் பேர் மட்டும் பேசுகிற மொழி. ஒரு பேராசிரியர் அங்கேயே போய்ப் போய் உட்கார்ந்து கேட்டு எழுதியிருந்தார். ஒவ்வொரு அத்தியாயத் தலைப்பிலும் அந்த மொழிச் சொல் ஒன்று, ஒலியெழுத்தில். புத்தகத்தின் உள்ளே ஒரு குறி பிசகாமல் முடித்தேன். வில்லங்கம் பக்கத்தின் உச்சியில் உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு பக்கத்தின் மேலேயும் அத்தியாயத் தலைப்பு சின்னதாக ஓடுமே, அந்த ஹெட்டரை யாரும் கையால் அடிப்பதில்லை. ஸ்டைல் ஃபைல் என்று ஒரு பொது ஃபைல் இருக்கிறது. அது தலைப்பைத் தானே எடுத்து, எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக மாற்றி, உச்சியில் போட்டுவிடும். ஹெட்டர் என்றால் பெரிய எழுத்து என்பது அந்தப் பதிப்பகத்தின் வழக்கம். ஸ்டைல் ஃபைலை எழுதியவள் அவள், பூட்டி வைத்திருந்தவளும் அவள். நாங்கள் அதை ஓடவிடலாம், மாற்ற முடியாது.

வேறு புத்தகத்துக்கு இதனால் ஒரு கெடுதலும் இல்லை. இந்தப் புத்தகத்தில் சின்ன n பெரிய N ஆனதும் பேக்கேஜ் அதை 'ங்' என்று எடுத்துக்கொண்டது. s எல்லாம் 'ஷ்' ஆனது. சொல் உள்ளே ஒரு மாதிரியும் உச்சியில் வேறு மாதிரியும் நின்றது. கம்ப்யூட்டரும் வாயைத் திறக்காது, அதன் கணக்கில் எல்லாம் சரி. ஆசிரியருக்கு அனுப்புகிற திருத்தப் பிரதியிலும் தெரியாது. அதில் ஹெட்டர் இடத்தில் 'புரூஃப்' என்று மட்டும்தான் போட்டிருக்கும். அச்சுக்குப் போகிற கடைசி ஓட்டத்தில்தான் நிஜ ஹெட்டர் ஏறும், அந்த ஓட்டம் டீம் லீடர் கையில்.

சந்தேகம் வந்து நிஜ ஹெட்டரோடு என் மெஷினில் ஒரு தடவை ஓடவிட்டுப் பார்த்தேன். பார்த்த கையோடு அவள் மேஜைக்குப் போய்ச் சொன்னேன். தலைப்பில் ஒலியெழுத்து இருக்கிற இடத்தில் மட்டும் பெரிய எழுத்தாக்காமல் விடலாம், ஸ்டைல் ஃபைலில் ஒரு வரிதான், நானே எழுதித் தருகிறேன் என்றேன். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஸ்டைலில் கை வைத்தால் பதிப்பகத்திடம் அனுமதி கேட்க வேண்டும், அவர்கள் பதில் போடுவதற்குள் தேதி போய்விடும் என்றாள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அதோடு நிறுத்தவில்லை.

"ஸ்டைல ஃபாலோ பண்ணுங்க. ஹெட்டர யாரு படிக்கறா?" என்று மாடி முழுவதும் கேட்கும்படி சொன்னாள்.

மேனேஜர் பக்கத்திலேயே கேனிலிருந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு நின்றார். லேசாகச் சிரித்துவிட்டு பாட்டிலை மூடிக்கொண்டு போனார். நான் என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். புத்தகம் அப்படியே அச்சுக்குப் போனது.

ஹெட்டரைப் படித்தார்கள். பேராசிரியர் படித்தார். அவர் படித்ததைவிட மோசம், அந்த மலைக்காரர்களில் படித்த ஒருவர் படித்தார். எங்கள் சொல்லைப் பக்கத்துக்குப் பக்கம் உச்சியில் ஏற்றிவைத்து எதற்காகக் கேலி செய்திருக்கிறீர்கள் என்று பதிப்பகத்துக்கே எழுதிக் கேட்டிருந்தார். அந்த மெயில் எங்கள் மாடிக்கு வந்த அன்று எனக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன். இன்றைக்கு மாட்டினாள் என்று நினைத்தேன்.

அவள் எங்கே மாட்டுகிறாள்? எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் இருக்கிறது. தப்பு நடந்தால் ஏன் நடந்தது, இனி நடக்காமல் இருக்க என்ன செய்தோம் என்று பதிப்பகத்துக்கு விளக்கம் எழுத வேண்டும். அந்த விளக்கத்தில் எப்போதும் ஓர் ஆபரேட்டர் வருவார். ஆபரேட்டரின் கவனக்குறைவு, ஆபரேட்டர் எச்சரிக்கப்பட்டார், ஆபரேட்டர் உங்கள் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். பெயர் இருக்காது, ஏனென்றால் அப்படி ஓர் ஆளே கிடையாது. படம் இடம் மாறினாலும் அவர், பக்க எண் தப்பினாலும் அவர். அவர் நீக்கப்பட்ட அன்றைக்கு நாங்கள் எல்லாரும் அதே நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்போம். பாவம் மனுஷன், இன்றைக்கும் வேலை போச்சா என்று பையன்கள் கிண்டல் செய்வார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

இந்தத் தடவை பதிப்பகத்தில் எங்கள் வேலையைப் பார்க்கிற அம்மா பழைய விளக்கங்களையெல்லாம் எடுத்துப் படித்துவிட்டார் போலிருக்கிறது. உங்கள் அலுவலகத்தில் இருப்பவர்களைவிட நீங்கள் நீக்கியவர்கள் அதிகமாக இருக்கிறார்களே என்று எழுதிவிட்டார். அந்த ஆபரேட்டரோடு வீடியோவில் பேச வேண்டும், அவர் யார் என்று கேட்டார். இத்தனை வருஷம் இல்லாத ஆளை வைத்துப் பிழைத்தவர்களுக்கு இப்போது கையும் காலும் உள்ள ஓர் ஆள் தேவைப்பட்டது.

அன்று சாயங்காலம் ரயிலில், முண்டியம்பாக்கம் வந்து சர்க்கரை ஆலை நாற்றம் பெட்டிக்குள் ஏறும்போது, அவள் ஹேண்ட்பேகை எடுத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அப்படி அவள் உட்கார்ந்ததே இல்லை.

"நீ வந்து உக்காந்தா போதும். மீதிய நான் பேசிக்கிறேன்" என்றாள்.

"தப்புப் பண்ணது நானா அக்கா?"

"தப்பு யாரு பண்ணாங்கன்னு இங்க யாரு கேட்டா? ஆபரேட்டர் யாருன்னுதான கேக்கறாங்க."

 அவள் குரலை இறக்கினாள். அந்தப் புத்தகத்தில் உட்கார்ந்து வேலை செய்தது நீதானே, வேறு யாரைக் காட்ட முடியும் என்றாள். என்னை நீக்கச் சொன்னால் சரி என்று சொல்லி வைப்பார்களாம். கொஞ்ச நாள் ஆறப்போட்டு வேறு பெயரில் அதே வேலையைக் கொடுப்பார்களாம். அப்பாவைப் பற்றி அவளே பேச்சை எடுத்தாள். தனக்கு அக்கறை இல்லாமல் போகுமா என்று கேட்டாள். விழுப்புரம் வரும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கையை உருவி எடுக்க எனக்கு ஏனோ தைரியம் வரவில்லை, அதற்காக வீடு வரைக்கும் என்னையே திட்டிக்கொண்டு நடந்தேன்.

ஆனாலும் வருகிறேன் என்று மறுநாள் சொல்லிவிட்டேன். அவளுக்காக இல்லை. பதிப்பகத்து ஆளை முகத்துக்கு முகம் பார்க்க எனக்கு வேறு எப்போது வாய்க்கும்? மெயில் போகாது, போன் நம்பர் தெரியாது. அந்த அம்மா எதிரில் உட்கார்ந்துவிட்டால் நடந்ததைச் சொல்லிவிடலாம், சொன்னால் என் பெயர் தப்பும் என்று கணக்குப் போட்டேன். இரண்டு நாள் வீட்டில் இங்கிலீஷில் சொல்லிப் பார்த்தேன். ஹெட்டர் ஸ்டைல் ஃபைலிலிருந்து வருகிறது, ஸ்டைல் ஃபைல் என் பொறுப்பில் இல்லை. அப்பாவைத் தூக்கி உட்காரவைத்து அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"இன்னா ஒளர்ற?" என்றார் அப்பா. விஷயத்தைச் சொன்னேன். 

"உனுக்கு வராதத ஏன் இழுத்துக்கினு கிடக்கற? தமிழ்லயே சொல்லு. நெசத்த எதுல சொன்னாலும் நெசந்தான."

நல்ல மனசோடுதான் சொன்னார். அந்த யோசனையை நினைத்தால் எனக்கு இப்போதும் அவர் மேல் ஆத்திரம் வருகிறது.

வீடியோ கால் மதியத்துக்கு மேல், மேனேஜர் அறையில். லேப்டாப் அவர் மேஜையில், ஒரு பக்கம் அவள், ஒரு பக்கம் நான். திரையில் வந்த அம்மா பார்வைக்கு நல்ல மாதிரி இருந்தார். நரைத்த முடி, பின்னால் புத்தகங்கள். யார் மேலும் கோபமில்லை, என்ன நடந்தது என்று தெரிந்தால் போதும் என்றார். ஆபரேட்டர் யார் என்று கேட்டார். மேனேஜர் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார்.

மனப்பாடம் செய்ததைச் சொன்னேன். வந்துவிட்டது. ஹெட்டர் ஸ்டைல் ஃபைலிலிருந்து வருகிறது, அது என் பொறுப்பில் இல்லை. அந்த அம்மா தலையாட்டினார். சரிதான், அது பூட்டிய ஃபைல் என்று எங்களுக்கும் தெரியும், அதனால்தான் அதில் குறை கண்டால் மேலே சொல்லிவிட வேண்டும் என்று வைத்திருக்கிறோம் என்றார். நீங்கள் பார்த்தீர்களா, பார்த்திருந்தால் யாரிடமாவது சொன்னீர்களா என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்கு நான் தயார் செய்யவில்லை. பதில் மண்டைக்குள் வார்த்தை வார்த்தையாக வரிசையில் நின்றது. என் முன்னால் ஒரு கீபோர்டு இருந்திருந்தால் மடமடவென்று அடித்துக் காட்டியிருப்பேன். வாய் திறந்தால் காற்றுதான் வந்தது.

"தமிழ்ல சொல்லுங்க, நான் சொல்லிடறேன்" என்றாள் அவள். குரலில் தேன் ஒழுகியது.

அவளைத் தவிர வேறு கதியில்லை. அதோடு மேனேஜர் இருக்கிறார், இரண்டு மொழியும் தெரிந்தவர், அவர் எதிரில் எப்படிப் புரட்ட முடியும் என்றும் நினைத்தேன். அந்த அம்மாவின் கண்ணைப் பார்த்தே தமிழில் சொன்னேன்.

"நான் பாத்தேன். பாத்த அன்னைக்கே மேடம்கிட்ட சொன்னேன். ஒரு வரி மாத்தினா சரியாயிடும்னு சொன்னேன். ஸ்டைல ஃபாலோ பண்ணுங்க, ஹெட்டர யாரு படிக்கறான்னு சொன்னவங்க இவங்கதான். சார் அங்கதான் தண்ணி புடிச்சிக்கினு நின்னாரு."

அவள் திரையின் பக்கம் திரும்பினாள். துளி தயக்கம் இல்லை. அழகான இங்கிலீஷ், அதில் ஒரு வருத்தம் வேறு. இவர் தப்பைப் பார்த்ததாகச் சொல்கிறார், பார்த்த அன்றே என்னிடம் சொல்லியிருக்க வேண்டும், வேலை நெருக்கடியில் சொல்லாமல் விட்டுவிட்டார், அதற்காக மன்னிப்புக் கேட்கிறார் என்றாள்.

ஒவ்வொரு சொல்லும் எனக்குப் புரிந்தது. நான் சொன்னதை என் கண் முன்னாலேயே எடுத்து, என் கழுத்தில் மாட்டினாள். "நோ" என்றேன். "நோ, ஐ டோல்ட்" என்றேன். அதற்கு மேல் வரவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அது வேறு அவளுக்கு வசதியாகப் போயிற்று. முதல் தடவை இப்படி உட்கார்ந்து பேசுகிறார், பதட்டமாக இருக்கிறார் என்று அந்த அம்மாவுக்கு விளக்கினாள். அந்த அம்மாவின் முகம் இரக்கத்தால் நிறைந்துவிட்டது.

நான் மேனேஜரைப் பார்த்தேன். அவர் கர்ச்சீப்பின் முனையால் தன் போன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார். தலையை நிமிர்த்தவில்லை. பதிப்பகத்தோடு பேச அவருக்கு அவள் வேண்டும், நான் வேண்டியதில்லை. அவளை வெறுப்பது எனக்குப் பழகிப்போன விஷயம். இந்த ஆளை வெறுக்க ஆரம்பித்தது அந்த நிமிஷத்தில்.

அந்த அம்மா முடிக்கும் விதமாகப் பேசினார். உண்மையை ஒப்புக்கொண்டதற்கு நன்றி என்றார். இனி எங்கள் புத்தகங்கள் எதுவும் உங்கள் கைக்கு வராது, அது எங்கள் விதி, தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்றார். மேனேஜர் தலையை ஆட்டினார், கண்டிப்பாக அப்படியே செய்கிறோம் என்றார். இந்தத் தடவை அது பொய்யில்லை, வேறு பெயரில் வேலை என்பதெல்லாம் கிடையாது என்று அவர் குரலிலேயே தெரிந்தது. எனக்கு வீட்டில் அப்பா உட்கார்ந்திருக்கிற கட்டில்தான் கண்ணுக்குள் வந்தது.

"மனசுல எதுவும் வெச்சுக்க வேணாம்னு சொல்றாங்க" என்றாள் அவள், என்னைப் பார்க்காமல். அன்றைக்கு அவள் ஒழுங்காக மொழிபெயர்த்தது அது ஒன்றுதான்.

"வெச்சுக்குவேன்னு சொல்லுங்க" என்றேன்.

அவள் திரையைப் பார்த்து, நான் ரொம்ப நன்றி சொல்வதாக இங்கிலீஷில் சொன்னாள். அந்த அம்மா முகம் மலர்ந்து எனக்குக் கை அசைத்தார்.